வாங்க ஆளில்லாத காணி

ஜெயகௌரியும் நிவேதனாவும் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த நேர்ஸ்மார். ஒரே தரம், ஒரே சம்பளம். இருவரும் கொக்குவில்தான், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ரயில் பாதை. காலை பஸ்ஸில் முதலில் ஏறுகிறவள் மற்றவளுக்கு இடம் பிடித்து வைப்பாள். நிவேதனா வீட்டுக் கடன் கேட்டபோது வங்கி மறுபேச்சில்லாமல் கொடுத்தது. அதே கிளையில், அதே அளவுள்ள தன் காணியைக் காட்டி ஜெயகௌரியும் கேட்டாள்.

காணிக்கு விலை மதிக்க வங்கி அனுப்பிய ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிளை, வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையின் முகப்பிலேயே நிறுத்திவிட்டார். ஜெயகௌரியின் கணவன் றஜிந்தன் வயரிங் வேலை செய்பவன். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கப் போனவனை அவர் கையசைத்துத் தடுத்தார்.

"நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?" என்றார்.

றஜிந்தன் சொன்னான். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். சாதியை வாய் திறந்து கேட்காதவர்கள் கோயிலைக் கேட்பார்கள். போட்ட கதிரையில் அவர் இருக்கவில்லை. தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

'இந்த ஒழுங்கையில் காணி வாங்க வெளியாட்கள் வரமாட்டார்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடன் இல்லை என்றாயிற்று. வங்கி முகாமையாளர் தன்மையாகத்தான் பேசினார்.

"மிஸ், உங்கடை சம்பளத்திலை ஒரு குறையும் இல்லை. வேறை இடத்திலை ஒரு காணியைப் பாருங்கோ, உடனை தாறன்."

பார்த்தார்கள். கோண்டாவில் பக்கம் ஒன்று பிடித்தது. விலையும் பேசி முடித்த பிறகு காணிக்காரர் போன் எடுத்தார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. பக்கத்து வளவுக்காரர் விரும்பேல்லை."

ஒழுங்கைக்குள் கட்டக் கடன் இல்லை. வெளியே வாங்கக் காணி இல்லை. அந்த ஒழுங்கை இப்படித்தான் இளைத்துப் போயிருந்தது. உத்தியோகம் எடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். பாதி எழும்பிய சுவர்களில் பாசி படர்ந்திருந்தது. ஆட்கள் போகப் போகக் காணி விலை விழுந்தது. விலை விழ, வங்கி இன்னும் பின்வாங்கியது.

"நாங்களும் வவுனியாப் பக்கம் போவமே?" என்று றஜிந்தன் கேட்டான்.

ஜெயகௌரி அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வரேல்லை. அந்தாள் எங்கடை காணியைப் பாக்கேல்லை. எங்களைத்தான் பாத்தவர்" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் நிவேதனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தேத்தண்ணிக் கதையை மட்டும் விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அவர்தான் எங்கடை வீட்டையும் வந்தவர். இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போனவர்" என்றாள் நிவேதனா. "நானும் உன்னோடை வாறன்."

வேலை முடிந்த கையோடு இருவரும் வங்கியின் பிராந்திய அலுவலகத்துக்குப் போனார்கள். நிவேதனா தன்னுடைய கடன் பத்திரங்களையும் மேசையில் வைத்தாள்.

"ரெண்டையும் ஒருக்காப் பாருங்கோ சேர். எனக்குத் தந்தீங்கள், இவவுக்கு ஏன் இல்லை?"

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விலை மதிக்க வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்.

இந்த முறை ஒரு பெண் வந்தாள். காணியைச் சுற்றி நடந்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், றஜிந்தனையே நாடா பிடிக்கச் சொன்னாள். கடன் கிடைத்தது. ஆனால் நிவேதனாவின் காணிக்குப் போட்ட மதிப்பு இதற்கு வரவில்லை.

"இந்தக் காசிலை மூண்டு அறை வராது, ரெண்டுதான் வரும்" என்றான் றஜிந்தன்.

"உது நியாயமில்லை எண்டு எழுதிக் குடுத்திட்டுத்தான் கையெழுத்து வைப்பன்" என்றாள் ஜெயகௌரி. அப்படியே செய்தாள். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

சுவர் எழும்பியபோது, காணியை விற்றுவிட்டுப் போகவிருந்த பக்கத்து வளவுப் பத்மாவதி வேலியடிக்கு வந்தாள். "பிள்ளை, அந்த வங்கிக் கந்தோருக்கு எனக்கும் வழி சொல்லுவியே?"

"வழி என்னத்துக்கு அக்கா? நானே கூட்டிக்கொண்டு போறன்."

வீடு முழுவதற்கும் றஜிந்தனே வயர் இழுத்தான். குடிபுகுந்த வாரம் ஜெயகௌரிக்கு இரவு வேலை. காலையில் வந்து, சுண்ணாம்பு மணம் போகாத அறையில் படுத்தவள் மத்தியானம் வரை எழும்பவில்லை. ஒழுங்கையில் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் றஜிந்தன் மெல்லப் போனான்.

"அங்காலை தள்ளி விளையாடுங்கோ ராசா. அக்கா நித்திரை."