நமுத்துப்போன மிளகாய்

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மிளகாய் கமிஷன் கடை. கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்து குண்டு மிளகாய் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற சமயம். தெருவில் போகிறவர்கள்கூட தும்மிக்கொண்டே போவார்கள். ஆனால் மூட்டையைப் பிரித்துப் பார்த்து விலை சொல்ல வேண்டிய என் கணவர், உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மிளகாயைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை அவர். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டுவார். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலவென்று ஆடும். சத்தம் வராவிட்டால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கடையோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. என் சமையலறைக்கு வந்து டப்பாவைத் திறந்து அங்கேயும் ஆட்டிப் பார்ப்பார். “இத கடைக்குக் கொண்டாந்திருந்தா மூட்டையோட திருப்பி அனுப்பியிருப்பேன்” என்பார். குழம்பில் ஒரு குறை, துவையலில் ஒரு குறை. எனக்கு மாமியார் இல்லாத குறையை இவரே தீர்த்து வைக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பேன்.

அந்த மனுஷன் இரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை. மனச்சோர்வு என்று மதுரையில் டாக்டரம்மா சொன்னார். மாத்திரை கொடுத்தார், மாற்றிக் கொடுத்தார், உட்கார வைத்துப் பேசியும் பார்த்தார். காரணமில்லாமல் அழுவது நின்றது, தூக்கம் வந்தது. அதற்குமேல் நகரவில்லை. எழுப்பினால் எழுந்தார், தட்டை வைத்தால் சாப்பிட்டார். ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலேயே இருக்கிற ஆளுக்காக இப்படி ஏங்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். ஊக்கி வகை மருந்தாம். வழக்கமாக ஓரிடத்தில் நின்று கவனிக்க முடியாத பிள்ளைகளுக்குக் கொடுப்பதாம். மனச்சோர்வுக்கு இது முதல் மருந்து இல்லை, மற்ற மருந்துகள் பாதி வழியில் நின்றுபோன சிலருக்கு மட்டும் கூடச் சேர்த்துப் பார்ப்போம், கேட்கும் என்று உறுதி தர முடியாது என்றார். இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்த பிறகுதான் சீட்டு எழுதினார். காலையில் மட்டும்தான், படபடப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும், நாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

என் கணவரின் அண்ணன்தான் அப்போது கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மேல் உயிர். ஆனாலும் அவருக்கு இது பிடிக்கவில்லை. “சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்குறதப் போயி இவனுக்குக் குடுக்குறாக. மாத்திரையில வர்ற தெம்பு தெம்பாம்மா?” என்றார். என் பயமும் அதுதானே. எழுந்து வரப்போவது என் வீட்டுக்காரரா, மாத்திரை முடுக்கிவிட்ட வேறு யாரோவா?

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாய் உலர்ந்தது, பசி கொஞ்சம் குறைந்தது. பிறகு ஒரு காலையில், யாரும் சொல்லாமல் தானே சவரம் செய்துகொண்டார். இன்னொரு நாள் கடை வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தார். எதுவும் பேசவில்லை. எனக்கு அதுவே திருவிழாவாக இருந்தது.

மாத்திரை தீரப்போனபோதுதான் வினை வந்தது. அது எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. மதுரையில்தான் வாங்க வேண்டும். தம்பி எழுந்து நடமாடுவதைப் பார்த்து மனம் மாறியிருந்த அண்ணன், நானே வாங்கி வாரேன் என்று கிளம்பினார். எங்கள் வீட்டில் எதையும் சில்லறையாக வாங்கிப் பழக்கமில்லை. சீரகம்கூட மூட்டையாகத்தான் வரும். அந்தப் பழக்கத்தில், மருந்துக்கடையில் போய் ஒரு பெட்டியாகக் கேட்டிருக்கிறார். வெளியூருக்குப் போக வர அலைச்சல், மொத்தமாகப் போட்டுக் கொடுங்கள் என்றிருக்கிறார். சீட்டில் எழுதிய அளவுக்கு மேல் ஒன்றுகூடத் தர முடியாது என்று அவர்கள் சொல்ல, இவர் விடாமல் பேரம் பேச, யாருக்கு இத்தனை என்று அவர்கள் சந்தேகமாக விசாரிக்க, கோபத்தில் ஒன்றுமே வாங்காமல் பஸ்ஸேறி வந்துவிட்டார்.

“சரக்க உள்ள வச்சிக்கிட்டே தரமாட்டேங்குறான்மா. நம்மளத் திருடனப் பாக்குற மாதிரி பாக்குறான்” என்று வாசலில் நின்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை இல்லாத மறுநாளே என் கணவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ‘ஏங்க’ என்று கூப்பிட்டேன். கேட்ட மாதிரியே தெரியவில்லை.

நானே மதுரைக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இது சீசன் பாத்து வாங்கி அடுக்குற சரக்கு இல்லம்மா. மாசாமாசம் அவரப் பாத்துட்டுத்தான் எழுதணும். அதுக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு” என்றார். கிளம்பும்போது மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “மாத்திரை எந்திரிக்க வைக்குது, சரி. எந்திரிக்கிறது அவுகதானா டாக்டர்?”

“அத என்னால சொல்ல முடியாதும்மா. உங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

திரும்பவும் மாத்திரை தொடங்கிச் சில வாரம் ஆகியிருக்கும். முற்பகல் வேளை. நான் கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சமையலறையில் டப்பா மூடி திறக்கிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அவர் ஒரு மிளகாயைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் ஆட்டினார். முகம் சுளித்தது.

“இந்தா, யாரு வாங்குனது இது? நமுத்துப்போயிக் கெடக்கு. அண்ணன் தலையில எவனோ நல்லாக் கட்டிட்டான். இதப் போட்டா கொழம்பு வச்ச?”

மாத்திரை தெம்பைத் தரலாம். என் டப்பா மிளகாயில் குற்றம் கண்டுபிடிக்க எந்த மாத்திரைக்கும் தெரியாது. ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதேன். “அழுவுறதுக்கு என்ன இருக்கு? வெயில்ல போடு, சரியாயிரும்” என்றார்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் மதுரைக்குப் போகிறோம். கடையில் பாதி நாள் உட்காருகிறார். சில மத்தியானங்களில் பேச்சு அடங்கிவிடும், பழைய மௌனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் நான் சமையலறையை விட்டு நகருவதில்லை. என் சமையலில் குறை சொல்ல ஒருவர் இருப்பது எத்தனை பெரிய பாக்கியம் என்று தெரிந்துபோன பிறகு, அந்த டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்காகத்தான் இன்றும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.