பீரோவில் இருந்த வைப்பர்

வைகாசி வெயிலில் வெந்துகொண்டிருந்த பிரம்மதேசத்தில் அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது. விடுப்பில் இருந்த நான் வாசலில் நின்று, "அப்பாடா" என்று சந்தோஷப்பட்டேன். மழை விடுவதற்குள் மருந்தகத்திலிருந்து போன் வந்தது. "சிஸ்டர், நம்ம சவரி அண்ணன் போயிட்டாரு."

திரு. சவரிமுத்து அவர்கள் எங்கள் மருந்தகத்தின் நடமாடும் வேனைப் பதினோரு வருடம் ஓட்டியவர். மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு மருந்தும் ஊசியும் கொண்டுபோகிற வண்டி அது. வண்டிக்குப் பொறுப்பாளரான நர்ஸ் நான். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். காலையில் அவர் முதலில் தொடுவது சாவியை அல்ல, முன் கண்ணாடியை.

உப்பளக் காற்றில் நிற்கிற வண்டிக் கண்ணாடியில் விடிவதற்குள் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். அண்ணன் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, வைப்பர் ரப்பரை ஈரத் துணியால் ஒருமுறை வழித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் நானே கையை நீட்டி வைப்பரைப் போட்டுவிட்டேன். காய்ந்த உப்பின்மேல் அது கரகரவென்று ஓடி, கண்ணாடியில் பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்தது. அவர் திட்டவில்லை. மறுநாள்தான் சொன்னார்: "இனிமே எதிர்ல வர்ற லைட்டெல்லாம் அந்தக் கீறல்ல பட்டு மூஞ்சில அடிக்கும் சிஸ்டர். உப்பு இருந்தா தண்ணி ஊத்தாம தொடாதீங்க."

ஒரு கார்த்திகை மழையில், பிரசவ வலி கண்ட பெண்ணைப் புதுச்சேரிக்கு ஏற்றிப் போனோம். பாதி வழியில் வைப்பர் தத்தித் தத்தி ஓட, அண்ணன் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டார். பெண்ணின் அம்மா கத்தினார்: "யோவ், புள்ள துடிக்குது, நீ கண்ணாடி தொடைக்கிறியா?" அண்ணன் தோள் துண்டால் ரப்பரை அழுந்தத் துடைத்தபடியே, "கண்ணு தெரியாம ஓட்டுனா எல்லாருமே போவோம்மா" என்றார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை.

வைப்பர் வாங்கப் போனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவார். டிரைவர் பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. இரண்டையும் வைத்து அளப்பார். மாட்டுகிற கொக்கி ஒரே மாதிரிதானா என்று பார்ப்பார். ரப்பரை விரலால் மடித்துப் பார்ப்பார். கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே தலைவலி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வைப்பர் வாங்கினால் உறை பிரிக்காமல் ஐப்பசிக்கென்று எடுத்து வைப்பார்கள். உப்புக் காலத்தில் போட்டால் வெயிலும் உப்பும் ரப்பரைத் தின்றுவிடுமாம். அதுவரை கிழிந்தது சும்மா தொங்கும். அண்ணன் சிரிப்பார்: "குடையை ஊட்ல பத்திரமா வச்சிட்டு ரோட்ல நனையற கதை."

இனி எழுதப்போவதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இந்த மாசியில் ரப்பர் ஓரம் கிழிந்துவிட்டது என்று அண்ணன் புது ஜோடி வாங்கி வந்தார். நான் மருந்து இருப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சல். "மாசில எந்த ஊர்லண்ணா மழை பெய்யுது? ஐப்பசில போட்டுக்கலாம்" என்று அவர் கையிலிருந்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"மழை நம்மளைக் கேட்டுக்கிட்டா வரும், சிஸ்டர்?" என்றார். சித்திரையில் இன்னொரு முறை கேட்டார். "அப்புறம் பார்க்கலாம்ணா" என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

அந்த வைகாசி மழையில் உப்பு லாரி ஒன்று, ஏற்றிய உப்பு கரைந்துவிடக் கூடாதென்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நின்று தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தது. கிழிந்த வைப்பர் துடைக்காத கண்ணாடி வழியே அண்ணனுக்கு அது தெரியவில்லை; வண்டி அதில் மோதிவிட்டது. நோயாளியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் வேறு யாரும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதையும் ஆறுதல் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் என் காதுபடச் சொன்னார்: "வைப்பர் ரப்பர் நார் நாரா தொங்குதுப்பா. வண்டியைப் பார்க்காத டிரைவரு. யாரைச் சொல்லி என்னா?" நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அண்ணனின் மனைவி லூர்துமேரி அக்காவும் அதைக் கேட்டார்கள். புது ஜோடி பீரோவில் இருப்பதை நான் சொல்லவில்லை. பயம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

எட்டாம் நாள், பிரிக்காத அந்த வைப்பர் உறையைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். என்னைத் திட்டவில்லை.

"கண்ணாடி தொடைக்காம ஒருநாள் வண்டி எடுத்தது இல்ல அந்த மனுசன். நானே அவரைச் சந்தேகப்பட்டுட்டேன் சிஸ்டர்" என்றார்கள். பிறகு உறையை என்னிடமே திருப்பித் தந்தார்கள். "என்கிட்ட சொன்னா போதாது. அன்னிக்கு அங்க நின்னவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

அதனால்தான், நாளை முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மாதா கோயிலில் படிக்க இதை எழுதுகிறேன். சவரிமுத்து அவர்கள் வண்டியைப் பார்க்காத டிரைவர் அல்ல. அவர் கேட்டார், இரண்டு முறை கேட்டார். பூட்டி வைத்தவள் நான்.

நேற்று மருந்தகத்துக்கு வேறு வண்டி வந்தது. அந்த உறையைப் பிரித்து மாட்டிப் பார்த்தேன். கொக்கி சேரவில்லை, நீளமும் அதிகம். நொறுங்கிப்போன அந்த ஒரு வண்டிக்கென்று அவர் அளந்து வாங்கியவை. ரப்பர் இன்னும் மெத்தென்று புதிதாகவே இருக்கிறது.

போய் வாருங்கள், அண்ணா. இந்த வண்டியின் தேய்ந்த வைப்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு இன்று நானே கடைக்குப் போகிறேன். வெயில் கொளுத்துகிறது. வாங்கி வந்ததும் இன்றைக்கே மாட்டிவிடுவேன்.