ஏழு மாதம் வெட்டாத கை

சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம் இருக்கும் தோட்டவேலைக் கம்பெனி ஒன்றில் ஞானசேகரனுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். வேலியைக் கத்தரிப்பதிலும் புதரை வேரோடு பெயர்ப்பதிலும் அவனை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அப்படிப்பட்டவன் ஏழு மாதமாகக் கத்தியைத் தொடவில்லை. இலை கூட்டினான், மூட்டை கட்டினான், லாரியில் ஏற்றினான். வெட்டுகிற வேலையெல்லாம் கூட்டாளி வெங்கடேஷ் தலையில். பதிலுக்கு வெங்கடேஷின் அழுக்குத் துணியை இவன் துவைத்துப் போட்டான்.

காரணம் அரியலூர்ப் பக்கம் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவன் மனைவி பாப்பாத்தி மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் பச்சை மரத்தை வெட்டக்கூடாது, வெட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தினமும் சாயங்காலம் போனில் அவள் கேட்பாள், “இன்னைக்கு எதையும் வெட்டலியே? பிள்ளை மேல சத்தியமா?” அவனும் சிரித்துக்கொண்டே, “பிள்ளை மேல சத்தியமா” என்பான்.

அந்த வெள்ளிக்கிழமை வெங்கடேஷுக்குக் காய்ச்சல். வேலை ஆங் மோ கியோவில் தோட்டத்தோடு இருந்த ஒரு தரைவீட்டில். முன்பக்கம் சுற்றிலும் இட்லிப்பூச் செடிகள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன, ஒவ்வொன்றின் அடியும் மணிக்கட்டுப் பருமன். ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் திலீப் அவனை மட்டும் இறக்கிவிட்டு, “நாலு மணிக்கு வர்றேன், கிளியரா இருக்கணும்” என்று போய்விட்டான்.

வீட்டுக்கார அம்மாள் வசந்தகுமாரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழ் ஆள் என்றதும் முகம் மலர்ந்தது.

“நல்லவேளை தம்பி. சண்டே மகளுக்கு வளைகாப்பு, இங்கதான் டெண்ட் போடணும். மருமகன் நானே வெட்டுறேன்னு பாராங் கத்தியத் தூக்கிட்டாரு. விடுவேனா? மாசமா இருக்கிறவ புருஷன் வெட்டலாமா, சொல்லுங்க? அதான் கம்பெனிக்குப் போன் அடிச்சேன்.”

தப்பித்தோம் என்று நினைத்தான், அப்பாவி. விஷயம் தெரிந்தவள், புரிந்துகொள்வாள்.

“அம்மா, என் வீட்டுக்காரியும் மாசமா இருக்கா, இது எட்டாவது மாசம். நாளைக்கு வேற ஆள் வந்து வெட்டட்டும்மா. இன்னைக்கு மத்த வேலையெல்லாம் நான் பாத்துடறேன்.”

அவளுக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

“நாளைக்குக் காலையிலேயே டெண்ட்காரன் வந்துருவான்லா” என்றாள். பிறகு வகுப்பெடுக்கிற குரலில், “அதெல்லாம் நம்ம வீட்டு ஆளு வெட்டினாத்தான் தம்பி. உங்களுக்கு இது வேலை. வேலையா செஞ்சா தோஷம் கிடையாது” என்றாள்.

எந்தச் சாஸ்திரத்தில் படித்தாளோ. மருமகன் பிள்ளைக்கு ஒரு நியாயம், கூலிக்காரன் பிள்ளைக்கு ஒரு நியாயம். அவன் அசையாமல் நிற்கவும் திலீப்புக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தாள். திலீப் கத்தவில்லை. “அடுத்த மாசம் உன் வொர்க் பர்மிட் ரினியூ பண்ணணும், ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டான்.

ஞானசேகரன் ரம்பத்தை எடுத்தான். பதினேழு செடி. ஒவ்வொன்றின் அடியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அறுத்தான், வேரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தான். முதல் செடிக்கு வெகுநேரம் பிடித்தது. ஐந்தாவதில் பழைய வேகம் வந்துவிட்டது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது, “நீ இதெல்லாம் பாக்கக்கூடாதும்மா” என்று வசந்தகுமாரி திரையை இழுத்துவிட்டாள்.

நாலு மணிக்கு வாசல் மொட்டையாகக் கிடந்தது. வளைகாப்புக்காகத் தேக்கா கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையலில் ஒரு டஜனைப் பையில் போட்டு நீட்டினாள். “உங்க வீட்டுக்காரிக்கு அனுப்புங்க. நல்லபடியா பிறக்கும்.” வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அந்தப் பையை அவள் வீட்டுக் கேட்டிலேயே மாட்டிவிட்டு லாரியின் பின்னால் ஏறினான்.

பாதி வழியில் போன் அடித்தது.

“சாப்டீங்களா? இன்னைக்கு எதையும் வெட்டலியே?”

“இல்ல.”

“பிள்ளை மேல சத்தியமா?”

காலடியில் இட்லிப்பூக் கிளைகள் இன்னும் வாடாமல் கிடந்தன.

“லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல பாப்பாத்தி, அப்புறம் பேசறேன்” என்று போனை வைத்தான்.

லாரி அப்போது சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.