சோலார் உண்டு என்று சொன்னேன்

எங்கள் ஆரோக்கிய நிலையத்தில் ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. ஊசி போட்டுக்கொண்டிருந்தால் போட்டு முடித்த கையோடு எழுந்துவிடுவேன். சுவிட்ச் போர்டு வரை ஒரு நடை, ஜன்னல் வரை ஒரு நடை. கூட வேலை பார்க்கிற நர்சு, “சேச்சி, ஒரிடத்து இரிக்கு” என்று மலையாளத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். நான் என்ன, வேண்டுமென்றா நடக்கிறேன்?

கேரளத்துப் பாறசாலையைத் தாண்டி உள்ளே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் எங்களுடையது. பஞ்சாயத்து தன் கட்டடங்களுக்கெல்லாம் சூரிய ஒளியில் கரண்ட் எடுப்பது என்று முடிவு செய்தபோது, பஞ்சாயத்து ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்தபடியாக எங்கள் மொட்டை மாடியிலும் வரிசையாகப் பலகைகளை மாட்டினார்கள். எல்லாருக்கும் லட்டு கிடைத்தது. வேலையைச் செய்தவர் கொல்லம் பக்கத்துக்காரர், நரைத்த மீசை, நிதானமான ஆள். சுவரில் பொருத்திய பெட்டிக்கு முன்னால் எங்களை நிற்க வைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். வெளியே வரிசை கேட் வரை நின்றது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

“லைன் போயால் இதும் ஓஃபாகும், கேட்டோ?” என்றார்.

“சரி சரி, மனசிலாயி” என்று சொல்லிவிட்டு நான் வரிசையைப் பார்க்க ஓடினேன்.

எனக்கு வீட்டில் பேச்சு தமிழ், வேலையில் மலையாளம். இரண்டும் கலந்து கலந்து எது எதுவென்று தெரியாத வாய். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ஆக்கும்’ போடாவிட்டால் எங்களுக்குப் பேசிய மாதிரியே இருக்காது. காதும் அதற்கே பழகிவிட்டது. அவர் சொன்னது ‘ஓஃபாகும்’. லைன் போனால் இதுவும் அணைந்துவிடும். என் காதில் விழுந்தது ‘ஓஃபாக்கும்’. அணைத்துவிடும். அதாவது, வெளி லைன் போனால் பெட்டி அதைத் துண்டித்துவிட்டு, மாடியிலிருந்து வரும் கரண்டில் கட்டடத்தை ஓட்டும் என்று மீதிக் கதையை நானே கட்டிக்கொண்டேன். ஒரே ஒரு ‘க்’ தான் கூடுதல்.

அதோடு விட்டேனா? மூலையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய இன்வெர்ட்டரைக் கழற்றி ஸ்டோர் ரூமில் தள்ளச் சொன்னதும் நான்தான். “இனி இது என்னத்துக்கு? எலி குட்டி போடவா?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்களிடம் வருகிறவர்களில் ஒரு அக்கா உண்டு, பூவார் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் ஜங்ஷனில் விற்பவள். மீன் நிறைந்த அலுமினியச் சருவத்துக்குப் பின்னால் அவள் உட்கார்ந்துவிட்டால் பேரம் பேச எவருக்கும் தைரியம் வராது, அப்படி ஒரு வாய். ஆனால் இழுப்பு நோய்க்காரி. மூச்சு முட்டும்போது எங்களிடம் வருவாள். மருந்தைப் புகையாக்கி மூக்கில் செலுத்தும் நெபுலைசரை வைத்தால் சற்று நேரத்தில் தெளிந்து, எங்களையே ஏசிவிட்டுப் போவாள்.

சோலார் மாட்டிய பிறகு வந்த முதல் கரண்ட் கட் அது; அன்று ஒன்பது மணி முதல் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். லைனில் உரசும் கிளைகளை வெட்டுகிற வேலை. ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் போன் செய்தாள். பேச்சை விட மூச்சுச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

“சிஸ்டரே, முட்டு கூடிப்போச்சு. நெய்யாற்றிங்கர பஸ்சு நிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவட்டா, அங்க வரட்டா? இன்னைக்கு கரண்டு கட்டுல்லா?”

“கட்டுன்னா நமக்கென்ன? பஸ்ஸ விட்டுட்டு இஞ்ச வா அக்கா. சோலார் உண்டு” என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை!

ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகமூடியை மாட்டி மெஷினைப் போட்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, ஃபேன் நின்றது, மெஷினும் நின்றது. “பயப்படாதே, இப்ப சோலார் பிடிக்கும்” என்று அவள் தோளில் தட்டினேன். பிடிக்கவில்லை. சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். மாடிக்கு ஓடினேன். பலகைகள் கண் கூசும் வெயிலில் கிடந்தன, தொட்டால் கை சுட்டது. அத்தனை வெயிலும் மேலே இருக்க, கீழே ஒருத்திக்கு மூச்சு இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

கொல்லத்துக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் கத்தவில்லை.

“ஞான் அன்னே பறஞ்ஞதல்லே சிஸ்டரே, லைன் போயால் இதும் ஓஃபாகும் என்னு? இதில் பேட்டரி இல்லா. போஸ்டின்றெ மேலே ஆளு கேறி நில்க்குகயல்லே? இவிடெநின்னு கரண்டு அங்கோட்டு போயால் அயாள் மரிக்கும்.”

கம்பத்தில் ஏறிக் கிளை வெட்டுகிறவன் மேல் எங்கள் கரண்ட் பாய்ந்து அவன் செத்துவிடக் கூடாது என்றுதான் பெட்டி தானும் அணைந்துவிடுகிறது. அப்போதுதான் அந்த ‘க்’ எனக்கு விளங்கியது.

கீழே வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பப் போயிருந்தது. கையால் அழுத்திச் செலுத்தும் மருந்தை எடுத்துக்கொண்டு, அவளை அதே ஆட்டோவில் ஏற்றி, நானும் ஏறி, நெய்யாற்றின்கரைக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் குப்பியை அழுத்திக்கொண்டே, “இழு அக்கா, இன்னும் ஒருக்கா இழு” என்று கெஞ்சினேன். அமரவிளைப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. நான் இறங்கி, முன்னால் நின்ற லாரியைக் கையால் அடித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்து, ஏச வாயெடுத்தவர், ஆட்டோவுக்குள் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார். அவள் மட்டும் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் எப்போதோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். அதைத் தவிர வேறு எந்த நினைப்பும் எனக்கு ஓடவில்லை.

அங்கே உடனே ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். எனக்கு உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மதியத்துக்குச் சற்று முன் அவள் கண்ணைத் திறந்து, முகமூடியைத் தானே விலக்கினாள். ஏசப் போகிறாள் என்று தெரியும். ஏசட்டும், ஊரைக் கூட்டி ஏசட்டும், எனக்கு அது வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு கால பஸ்சு படியில வச்சுகிட்டாக்கும் ஒனக்கு போன் போட்டேன், மக்கா” என்றாள். “நீ உண்டுன்னு சொன்ன. எறங்கிட்டேன்.”