அழித்துவிட்டுத் தொடங்கியவர்

குட்டையாக வெட்டிய முடி, காலில் ரப்பர் செருப்பு, கையில் உறிஞ்சுகுழல் போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டிய பாக்கெட் கோப்பி. சிராங்கூன் ரோட்டிலிருக்கும் எங்கள் மாடி அலுவலகத்துக்கு ஒப்பந்த வேலையில் வந்த புரோகிராமர் அக்கா அவர்.

கம்பெனிகள் தங்கள் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கிளினிக்கில் நேரம் குறிக்க, கிளினிக்கின் தகவல்களை ஏஐயோடு இணைக்கும் சர்வர் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். நாங்களெல்லாம் ஆயத்த நிரலாகக் கிடைக்கும் ஓர் இலவச டெம்ப்ளேட்டை இறக்கி, அதன் மேலேயே எழுதிக்கொண்டு போவோம். அக்கா இறக்கியதும் அதில் வேண்டாததை அழிக்கத்தான் தொடங்குவார். நோயாளி விவரம் முழுவதையும் ஏஐக்குத் திறந்துவிடும் பகுதியை அன்று அழித்தார்.

"நாளைக்கு டெமோ. இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

"அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க சார். ஊழியருக்கு என்ன நோய்னு முதலாளி கேட்டா, இது சொல்லிடும் லா. அந்த ஊழியரை வேலையை விட்டு எடுத்து ஊருக்கு அனுப்பிடுவாங்க. நான் இருக்கிறவரைக்கும் அது நடக்காது."

டெமோவில் ஒரு முதலாளி அதையேதான் கேட்டார். அந்த விவரம் தன்னிடம் இல்லை என்றது ஏஐ. மேனேஜரின் முகம் கறுத்தது. அக்கா நிதானமாகக் கோப்பியை உறிஞ்சினார்.

அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அழித்ததைத் திரும்பச் சேர்க்கும் வேலையை என்னிடம் தந்தார்கள்.

மேனேஜர் கேட்கும்போதெல்லாம் சொல்கிறேன்: "அப்புறம் சார்."