பயந்த பால்

என் தங்கையின் பாலில் ஒரு குறையும் இருக்கவில்லை. இருக்கிறதென்று பொய் சொன்னவள் நான். அந்தப் பொய்யால் அவளுடைய குழந்தை செத்தது.

இதை மென்மையாகச் சொல்ல எத்தனையோ வருடங்களாக முயன்று பார்த்துவிட்டேன்... முடியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குப் பயந்து மயிலிட்டிச் சனம் எல்லாம் ஓடி வந்தபோது, தங்கை றீற்றாவும் கைக்குழந்தையோடு மானிப்பாயில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான் கலியாணமாகி வந்த வீடு அது. தொட்டில் கட்டாத வீடு.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தாய் பயந்துவிட்டால், பயந்த பால் பிள்ளைக்கு ஆகாதென்று, முதலில் வரும் பாலைக் கொஞ்சம் பீச்சி ஊற்றிவிட்டுப் பிறகுதான் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். வந்த அன்றே பக்கத்தில் ஒரு ஷெல் விழ, றீற்றாவும் முற்றத்துச் செவ்வரத்தைச் செடியடியில் பீச்சி ஊற்றினாள். வழக்கம் அவ்வளவுதான்! அதோடு பிள்ளையை அவளிடம் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கொடுக்கவில்லை. வீட்டில் ஒரு தகரப் பேணியில் பால்மா இருந்தது. போத்தலில் கரைத்து நானே பருக்கினேன். அவன் என் மடியில் கிடந்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு குடித்தான். என் மடியில்! அந்தச் சுகம் உங்களுக்கு விளங்குமா? விளங்கினால் மட்டும் என் குற்றம் குறைந்துவிடுமா?

அடுத்த நாளும் ஷெல் விழுந்தது. அதற்கடுத்த நாளும் விழுந்தது. ஒவ்வொரு சத்தமும் பிள்ளையை என்னிடமே வைத்திருக்க எனக்கு ஒரு சாட்டாயிற்று.

"அக்கா, பால் கட்டி நெஞ்சு நோகுது. ஒருக்கால் குடுக்கட்டே?"

"இண்டைக்கும் பயந்திட்டாய். உந்தப் பாலைக் குடிச்சால் பிள்ளைக்கு வயித்தாலை போகும். பீச்சி ஊத்து."

அவள் ஊற்றினாள். மூத்தவள் சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். மார்பு கல்லாகி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். நான் என்ன செய்தேன்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனேன்...

மண்ணெண்ணெய் கிடையாத காலம். கிணற்றுத் தண்ணீரை இளஞ்சூடாக்கினேனே தவிரக் கொதிக்க வைக்கவில்லை. பேணி முடிந்துவிடுமே என்று பாலை நீர்க்கக் கரைத்தேன். குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவனுடைய கண்கள் உள்ளே போயிருந்தன.

"தாய்ப்பால் குடுக்கிறேல்லையோ?" என்று டொக்டர் றீற்றாவைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"தாய்க்குப் பால் வத்திப்போச்சு."

அந்த நேரம் பிள்ளை மெல்லச் சிணுங்கினான். றீற்றாவின் சட்டை முன்பக்கம் நனைந்து ஊறியது. டொக்டர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதா!

மறுநாள் அவன் போய்விட்டான்.

சேமக்காலையில் அவனைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்ததும் றீற்றா என் காலடியில் விழுந்தாள்.

"அக்கா, நீங்கள் வேண்டாமெண்டு சொல்லியும், ஒருநாள் உங்களுக்குத் தெரியாமல் நான் பால் குடுத்திட்டன்... அதாலைதான் பிள்ளை போயிட்டான். நான்தான் சாகடிச்சுப்போட்டன்."

என் வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு தரம்தான் அவனுக்கு நல்ல பால் கிடைத்திருக்கிறது! அதைச் சொல்ல என் வாய் திறந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"அழாதை. தெரியாமல் செய்ததுதானே" என்றேன்.

ஐயோ, நான் அவளை மன்னித்தேன்! அவளும் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டு வருடத்தில் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பிள்ளைக்கு றீற்றா ஒரு துளிப் பாலும் கொடுக்கவில்லை. "என்ரை பால் கூடாது" என்று சொல்லிச் சொல்லிச் செவ்வரத்தையடியில் பீச்சி ஊற்றினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பால்மா கரைத்து, போத்தலை அவள் கையில் கொடுத்தேன்.