பந்தல் காலில் கட்டிய பேரீச்சங்குலை

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஈச்சைக்கும் பேரீச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுவில் வளைகுடாவுக்கு பைப் ஃபிட்டர் வேலைக்குப் போனேன். மதுரைச் சித்திரை வெயிலையே குளிர்ச்சி என்று சொல்லவைக்கும் வெயில் அங்கே. பத்தே மாதத்தில் கம்பெனி கையை விரித்துவிட்டது. திருநகர் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது சொந்தக்காரர்கள் டேப் ரெக்கார்டரைத் தேடினார்கள். இருந்தவை, கைக்குட்டையில் முடிந்த பன்னிரண்டு பேரீச்சங்கொட்டைகள். நாங்கள் தங்கியிருந்த கொட்டகைக்குப் பக்கத்து மரத்தில் பழுத்ததைத் தின்று சேர்த்தவை.

"அம்புட்டுத் தூரம் போயி கொட்டையவா மச்சான் கொண்டாந்தீக?" என்று என் மனைவியின் தம்பி சிரித்தான். கூட்டமே சிரித்தது.

"மரத்துலருந்து பறிச்ச பழத்த ஒருநா உனக்குத் தாரேன், பாரு" என்று மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

பால்பவுடர் டப்பாவில் மணல் போட்டு ஊன்றினேன். மூன்று முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது, ஒன்று கருகியது, ஒன்றுதான் நின்றது. அதை வாசலில் நட்டு வேலி கட்டினால், "கம்மாக்கரையில தானா மொளைக்கிற ஈச்சஞ்செடிக்கு வேலி ஒரு கேடா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கேட்டோமா அவரை? நான் மில்லுக்கு ஷிப்டு ஷிப்டாக ஓடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றியது மனைவிதான். குழாய் காய்ந்த கோடையிலும் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவாள்.

எட்டாவது வருடம் பாளை விட்டது. காய் பிடித்து, பச்சை மஞ்சளாகத் திரும்பியது. வேலை முடிந்து வந்ததும் தினமும் தொட்டுப் பார்ப்பேன்.

அந்த வைகாசியில் மனைவியின் தங்கைக்குப் பழங்காநத்தத்தில் கல்யாணம். மில்லிலிருந்து நேரே அங்கே போனேன். எங்கள் பக்கம் பந்தல் காலில் வாழைமரத்தோடு ஈச்சங்குலையும் கட்டுவார்கள். கட்டியிருந்தார்கள். ஈச்சங்காய்க்கு ஏது அந்தப் பருமன், அந்த மஞ்சள்? என் மரத்துக் குலை! பாதிக் காயைப் பிள்ளைகள் பிய்த்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மைத்துனனின் சட்டையைப் பிடித்தேன்.

"யாரக் கேட்டுடா வெட்டுன?"

"ஒரு ஈச்சங்குலைக்கா மச்சான் இம்புட்டுக் கோவம்? அக்காட்ட கேட்டுட்டுத்தான் வெட்டுனேன்."

சமையல்கட்டில் இருந்த மனைவியிடம் போனேன். "எட்டு வருசம் தண்ணி ஊத்துனவ நீ. ஒனக்குமா தெரியல?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரும் ஈச்சைன்னாக. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"பெறகு எதுக்கு ஊத்துன?"

"நீங்க அங்கருந்து கொண்டாந்தது அது ஒண்ணுதான. அதுவும் பட்டுப்போனா ஒங்க மனசு தாங்குமா?"

பந்தல் காலில் மிச்சமிருந்த காய் ஒன்றைப் பிய்த்து வந்து அவள் கையில் கொடுத்தேன். கடித்தாள். துவர்ப்பில் முகம் கோணியது. துப்பாமல் முழுசாகத் தின்றாள்.